உங்க பேர்ல இருக்கிற கணக்கை யார் எழுதுறாங்க? தருமபுரி, 1792 முதல் ஓடிபி வரைக்கும்

ஜூலை மாசம் பொறந்தா போதும், எனக்கு ஒரே மாதிரி மெசேஜ் வர ஆரம்பிச்சிடும். "உங்களுக்குத் தெரிஞ்சு ஐடி ரிட்டர்ன் போட்டுத் தர்ற ஆள் யாராச்சும் இருக்காங்களா?" அனுப்புறவங்க பெரும்பாலும் இருபத்தி சொச்சம் வயசு. நல்லாப் படிச்சவங்க. கோடு எழுதுறவங்க, நர்ஸ், ஃபேக்டரி சூப்பர்வைசர், டெலிவரி கம்பெனியில ஹப் மேனேஜர். வெப்சைட் இருக்கு, பாதி விவரம் ஏற்கெனவே நிரப்பி வச்சிருக்கு, ஆனாலும் கேட்கிறது "யாராச்சும் ஆள் இருக்காங்களா".

இந்த எபிசோட்ல ரிட்டர்ன் எப்படிப் போடுறதுன்னு சொல்லித் தரப் போறதில்லை. அதுக்கு யூட்யூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு. "ஒரு ஆள்" வேணும்ங்கிற நிலைமை எப்படி உருவாச்சு, அந்த ஆள் யாரு, அவர் யாருக்காக வேலை பார்க்கிறார்ங்கிறதுதான் எனக்கு முக்கியமாப் படுது. அதுக்கு ஒரு நல்ல இடம் இருக்கு: தருமபுரி. நாமெல்லாம் பெங்களூருக்கு பஸ்ல போறப்ப தூங்கிக்கிட்டே கடக்கிற அதே தருமபுரி.

1792 மார்ச்சில் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து, ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை கையெழுத்தானது. திப்பு சுல்தான் தன் ராஜ்யத்தில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. அதில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த பகுதிகளில் ஒன்று பாராமகால். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கம் பெரும்பாலும் அதற்குள் வரும். கூடவே சேலமும் சேர்ந்தது. கோட்டைகளைப் பிடிச்சாச்சு. அடுத்த கேள்வி, இங்கே வரி யார்கிட்ட வாங்குறது, எவ்வளவு வாங்குறது?

அந்த வேலைக்கு கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் அனுப்பினது சிவில் அதிகாரிகளை இல்லை, ராணுவ அதிகாரிகளை. காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. உள்ளூர் மொழியும் வருவாய் விவகாரமும் தெரிந்த சிவில் ஆட்கள் சென்னையில் போதுமான அளவு கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் உளவுத் தகவல் சேகரித்த கேப்டன் அலெக்சாண்டர் ரீடுக்கு ஜனங்களோடு பேசத் தெரியும். அவரைத் தலைவராகப் போட்டார்கள். கீழே மூன்று பேர்: கிரஹாம், மக்லியோட், தாமஸ் மன்றோ. இன்றைய நாலைந்து மாவட்டங்களுக்கு மொத்தம் நாலு அதிகாரிகள், அவ்வளவுதான்.

மன்றோவை நீங்க பார்த்திருப்பீங்க. சென்னையில தீவுத்திடல் பக்கம் குதிரை மேல உட்கார்ந்திருக்கிறாரே, சேணமும் இல்லாம, கால் வைக்கிற அங்கவடியும் இல்லாம, அவர்தான். பின்னாளில் சென்னை மாகாண கவர்னர் ஆனார். ஆனா 1792-ல் அவர் முப்பது வயசு லெஃப்டினன்ட். கிளாஸ்கோ வியாபாரி மகன். அமெரிக்கச் சுதந்திரப் போரில் அப்பாவின் புகையிலை வியாபாரம் நொடித்துப் போனதால் கப்பலேறி வந்தவர். அதுக்கு முன்னாடி கொஞ்ச காலம் ஒரு வியாபாரக் கம்பெனியில் கணக்கெழுதும் வேலை பார்த்திருந்தார். இதைச் சும்மா சொல்லலை. கணக்குப் புத்தகம்னா என்ன, அதுல எந்த இடத்துல பொய் ஒளிஞ்சிருக்கும்னு அவருக்குத் தெரியும். 1792-லிருந்து 1799 வரைக்கும் தருமபுரி பக்கம்தான் வாசம். அங்கே போட்டிருந்த தோட்டத்து மேல அவருக்கு ரொம்பப் பிரியம். ஊரை விட்டுப் போறப்ப அந்தத் தோட்டத்தை நினைச்சு வருத்தப்பட்டு எழுதியிருக்கார்.

வங்காளத்தில் அதே சமயத்தில், 1793-ல், காரன்வாலிஸ் என்ன செய்தார் தெரியும்ல? ஜமீன்தார்களோடு நிரந்தரமாக ஒரு தொகை பேசி முடித்தார். கம்பெனிக்குத் தொகை வந்தால் போதும். ஜமீன்தார் கீழே இருக்கிற குடியானவரிடம் எவ்வளவு வாங்குகிறார் என்பது வேறு கதை. பாராமகாலில் ரீடும் மன்றோவும் போனது எதிர்த்திசையில். ஒவ்வொரு வயலாக அளப்பது, ஒவ்வொன்றுக்கும் தரம் பார்த்து வரி போடுவது, யார் உழுகிறாரோ அவர் பெயரிலேயே பட்டா கொடுப்பது. நடுவில் ஜமீன்தார் கிடையாது. குடியானவரை ரயத்து என்பார்கள், அதனால் ரயத்துவாரி முறை. ஒரு ஆள், ஒரு கணக்கு, நேராக சர்க்கார்.

இந்த இடத்துல நின்னு யோசிங்க. இன்னைக்கு உங்க பான் கார்டு சொல்றதும் இதைத்தானே? குடும்பம், ஊர், சாதி, முதலாளி எல்லாம் அப்புறம். உங்க வருமானம், உங்க நம்பர், உங்க ரிட்டர்ன். தனி ஆளை சர்க்காருக்கு நேரா நிறுத்தி "உன் கணக்கை நீயே சொல்லு"ங்கிற ஏற்பாடு வருமான வரியில் தொடங்கினது இல்லை. நம்ம ஊர்ல அது நிலவரியில தொடங்கினது, அதுவும் பெரிய அளவுல முயற்சி செய்து பார்த்த முதல் இடங்கள்ல ஒண்ணு இந்தத் தருமபுரிச் சீமை.

சரி, நேராக நின்றால் என்ன நடக்கும்? மன்றோ வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் ஒன்றில் அதைப் படம் பிடிச்ச மாதிரி சொல்கிறார். கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். காலை ஏழு மணிக்கே ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். கடிதம் எழுதும்போது மத்தியானம் பன்னிரண்டு, அப்பவும் சுற்றி ஒரு டஜன் பேர் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். தனக்கென்று ஒரு மணி நேரம்கூட இல்லை என்று அலுத்துக்கொள்கிறார். ஒருத்தர் முப்பது வருஷத்துக்கு முன்னால் அப்பா பட்ட கடனைப் பற்றி நீளமாகச் சொல்கிறார். இன்னொருத்தர், சண்டைக் காலத்தில் ஊரில் இல்லாதபோது அண்ணன் தம்பி சொத்தைத் தின்றுவிட்டான் என்கிறார். மூன்றாவது ஆள் சொல்வது: வழக்கமான வரியை இந்த வருஷம் கட்ட முடியாது, ஏன்னா பெண்சாதி செத்துப்போனாள், அவள் என்னோட நல்ல மாட்டை விட அதிகம் உழைப்பாள்.

மன்றோ இதைச் சிரிச்சுக்கிட்டேதான் எழுதுறார். எனக்கு முதல்ல படிச்சப்ப சிரிப்பு வந்தது, அப்புறம் வரலை. அந்த மனுஷன் ஒரு துல்லியமான விஷயத்தைச் சொல்றான். வீட்டுல உழைக்கிற கை ஒண்ணு குறைஞ்சு போச்சு, வருமானம் குறையும், வரி அதே அளவு இருக்கக் கூடாது. இன்னைக்கு எந்த ஆடிட்டரும் சொல்ற வாதம்தான். வித்தியாசம் என்னன்னா, வரி போடுற ஆளே அதைக் காது கொடுத்துக் கேட்கிறார், அதுவும் அவன் ஊர்லயே வந்து உட்கார்ந்து.

வரியை முடிவு செய்யும் இந்த வருடாந்தரக் கச்சேரிக்குப் பெயர் ஜமாபந்தி. கச்சேரின்னா பாட்டுக் கச்சேரி இல்லை, ஆபீஸ். எங்க ஊர்ப் பெரியவங்க இன்னும் தாலுக்கா கச்சேரின்னுதான் சொல்லுவாங்க. கிஸ்தின்னு இன்னொரு வார்த்தை இருக்கு. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் பார்த்தவங்களுக்கு அது ஏதோ கொடுங்கோல் வரி மாதிரி காதுல ஒலிக்கும். உண்மையில கிஸ்தின்னா தவணை. அறுவடைக்குத் தகுந்த மாதிரி பிரிச்சுக் கட்டுறது. அட்வான்ஸ் டேக்ஸை நாலு தவணையா கட்டுறவங்க எல்லாம் கிஸ்திதான் கட்டிக்கிட்டு இருக்காங்க, தெரியாமலேயே.

மழை பெய்யாமல் பயிர் காய்ந்தால் வரியில் தள்ளுபடி கேட்கலாம். அதற்கு வஜா என்று பெயர். தருமபுரி மாதிரி ராகியும் சாமையும் கொள்ளும் விளைகிற மானாவாரி மண்ணில் இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பயிர் காய்ந்தது என்பதை யார் நிரூபிப்பது? குடியானவர் வாயால் சொன்னால் போதாது. எந்த வயலில் என்ன பயிர், எவ்வளவு விளைந்தது என்ற கணக்கு ஒன்று ஊரில் இருக்கும். அடங்கல் என்பார்கள். அதை எழுதுகிறவர் கர்ணம். ஊர்க் கணக்குப்பிள்ளை.

கதையில முக்கியமான ஆள் வந்துட்டார்.

ஜமீன்தாரை நடுவிலிருந்து தூக்கிவிட்டு, குடியானவரையும் சர்க்காரையும் நேருக்கு நேர் நிறுத்துவதுதான் திட்டம். ஆனால் குடியானவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. துரைக்கு ஊர் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு காகிதம். அந்தக் காகிதத்தைப் படிக்கவும் எழுதவும் தெரிந்த ஒரே ஆள் கர்ணம். எந்த வயல் யார் பேரில், எது நஞ்சை எது புஞ்சை, எது தரிசு, எல்லாம் அவர் எழுதுவதுதான். அதிகாரி நேர்மையானவரா இருந்தா மட்டும் போதாது, அவர் முன்னால விரிச்சு வைக்கிற கணக்கு நேர்மையா இருக்கணும். நாலு அதிகாரிகள் எத்தனை ஊர்க் கணக்கைத்தான் சரிபார்ப்பாங்க?

வேண்டியவங்க நிலத்தைக் கணக்கில் குறைச்சுக் காட்டுவது, வேண்டாதவங்க தலையில் ஏத்துவது, இதெல்லாம் அன்றைய அதிகாரிகளே திரும்பத் திரும்பப் புலம்பின விஷயம். குண்டூர் மாவட்டத்தை ஆராய்ச்சி செய்த ராபர்ட் ஃப்ரைகன்பெர்க் என்ற வரலாற்றாசிரியர் 1965-ல் ஒரு புத்தகம் எழுதினார். மேலே கம்பெனி ஆள்கிற மாதிரி தெரிந்தாலும், உள்ளே கணக்கு எழுதுகிற உள்ளூர் உத்தியோகஸ்தர்கள் அதிகாரத்தைக் கரையான் மாதிரி அரித்து வைத்திருந்தார்கள் என்று காட்டினார்.

கர்ணம் எல்லாருமே வில்லன்னு நான் சொல்லலை. மனு எழுதத் தெரியாதவங்களுக்கு அவர்தான் மனு எழுதிக் கொடுத்தார். துரை முன்னால என்ன பேசணும்னு சொல்லிக் கொடுத்தார். உதவி செய்யக்கூடிய ஒரே ஆளும் அவர்தான், ஏமாற்றக்கூடிய ஒரே ஆளும் அவர்தான். சிக்கல் அவரோட குணத்துல இல்லை, அவர் ஒருத்தர்தான் இருந்தார்ங்கிறதுல இருக்கு.

ஒரு பின்குறிப்பு. ரயத்துவாரி பிறந்த இடம்னு தருமபுரியைக் கொண்டாடுறதுக்கு முன்னாடி இதையும் தெரிஞ்சுக்கணும். 1799-ல் மன்றோ கன்னடச் சீமைக்கு மாற்றலாகிப் போனார். சில வருஷங்களிலேயே சென்னை அரசு மனம் மாறி, பாராமகாலையும் சேலத்தையும் மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் விட்டது. எடுத்தவர் மிட்டாதார். நடுவில் ஆள் வேண்டாம் என்ற இடத்திலேயே திரும்ப நடுவில் ஆள். நிறைய மிட்டாக்கள் நொடித்துப் போய் அரசாங்கத்திடமே திரும்பின. அப்புறம் மன்றோ 1820-ல் கவர்னராக வந்த பிறகுதான் ரயத்துவாரி மாகாணம் முழுக்க நிலைத்தது.

நிலைத்ததும் என்ன ஆச்சு? கூடாரம் போய்விட்டது. கலெக்டர் ஒருவர், மாவட்டம் பெரிசு, ஊருக்கு ஊர் உட்கார்ந்து கேட்க முடியாது. கேட்கிற காது தூரமாகப் போக, வசூலிக்கிற கை மட்டும் கிட்டத்தில் இருந்தது. 1854-ல் சென்னையில் ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள், வரி வசூலில் சித்திரவதை நடக்கிறதா என்று பார்க்க. கஜுலு லட்சுமிநரசு செட்டியும் சென்னை சுதேசி சங்கமும் விடாமல் குரல் கொடுத்ததும், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்ததும்தான் காரணம். 1855-ல் அறிக்கை வந்தது. நடக்கிறது என்று ஒப்புக்கொண்டது. கிட்டியில் விரல்களை வைத்து நசுக்குவது, கழுத்தையும் காலையும் கயிற்றால் கட்டிக் குனிய வைத்து வெயிலில் நிறுத்துவது. பல சமயம் ரொம்பச் சின்னத் தொகைக்காக. அந்த அறிக்கையில் என்னை ரொம்ப உறுத்தினது சித்திரவதை விவரம்கூட இல்லை. பரிகாரம் தேடிப் போவதுதான் ஜனங்களுக்குப் பெரிய கஷ்டம் என்று குழுவே சொல்கிறது. புகார் சொல்ல நாள் கணக்காக நடக்கணும், அதுக்குள்ள வயல் காயும், யாரைப் பற்றிப் புகார் சொல்றோமோ அவங்க வழியாவே மனு போகணும்.

வருமான வரி இதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு வருது. 1857 கிளர்ச்சியில் காலியான கஜானாவை நிரப்ப லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் வந்தார். 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கினவர். 1860 பிப்ரவரியில் பட்ஜெட், ஜூலை 24-ல் சட்டம் அமல். இன்றைக்கும் அந்த நாள்தான் வருமான வரி நாள். ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் கீழே வரி இல்லை, 500 வரைக்கும் 2 சதவீதம், அதற்கு மேல் 4. சட்டத்தில் 259 பிரிவுகள், இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெலியன் இதைக் கடுமையாக எதிர்த்தார், எதிர்ப்பைப் பகிரங்கமாகப் பத்திரிகையில் வெளியிடவும் செய்தார். அதற்காகவே அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். வில்சன் வந்து ஒரு வருஷம் ஆவதற்குள்ளேயே கல்கத்தாவில் இறந்துபோனார். 1865-ல் வரி நின்றது, அப்புறம் வேறு வேறு பேரில் வந்து வந்து போனது. 1886 சட்டத்தில்தான் நிலையாக உட்கார்ந்தது. விவசாய வருமானத்துக்கு விலக்கு கொடுத்தார்கள், நிலவரிதான் ஏற்கெனவே இருக்கிறதே. அந்த விலக்கு இன்னமும் இருக்கு. அதனால தருமபுரியில ஒரு வீட்டுல அப்பாவுக்கு வருமான வரின்னா என்னன்னே தெரியாது, ஆனா அவருக்கு பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் அத்துப்படி. ஓசூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போன பையனுக்கு இது தலைகீழ்.

கர்ணம் என்ன ஆனார்? அப்பாவுக்குப் பிறகு மகன் என்று பரம்பரையாக வந்த அந்தப் பதவியை 1980 நவம்பர் 14-ல் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தில் ஒழித்தது. மாநிலம் முழுக்க கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒரே நாளில் போயின. உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், 1982-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. அந்த இடத்துக்குத் தேர்வு எழுதி வந்தவர்தான் இன்றைய வி.ஏ.ஓ. ஜமாபந்தி மட்டும் போகலை. வருவாய்த் தீர்வாயம்ங்கிற பேர்ல தாலுக்கா ஆபீஸ்ல வருஷா வருஷம் நடக்குது. கிராமக் கணக்குப் புத்தகங்களைச் சரிபார்ப்பாங்க, நிலம் அளக்கிற சங்கிலியைக்கூட விரிச்சுப் பார்ப்பாங்க, ஜனங்க பட்டா மாறுதல் மனுவோட வரிசையில நிப்பாங்க. அங்கே வருஷக் கணக்கும் வேற. பசலி ஆண்டு, ஜூலை 1-ல் தொடங்கும். 2025-ல் நடந்த ஜமாபந்தி 1434-ம் பசலிக்கு. விசித்திரமா இருக்குல்ல? ஆனா 2024-25 நிதியாண்டு வருமானத்தை 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்குத் தாக்கல் செய்யணும்னு சொல்றப்ப, முதல் தடவை ரிட்டர்ன் போடுற பையனுக்கு அதுவும் பசலி மாதிரிதான் இருக்கும். வரி கட்டுறப்ப தப்பான வருஷத்தைக் கிளிக் பண்ணி, கட்டின பணம் வேற வருஷத்துல போய் உட்கார்ந்துக்கிட்டுத் தவிச்சவங்க ஏராளம். புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-லிருந்து நடைமுறை. அதுல இந்த ரெட்டை வருஷக் குழப்பத்தை எடுத்துட்டு, ஒரே 'வரி ஆண்டு'ன்னு வச்சிருக்காங்க. உருப்படியான காரியம்.

இப்ப நம்ம ஆட்களுக்குன்னே இருக்கிற ஒரு பிரச்சினையைக் கொஞ்சம் விரிவாப் பேசணும். பேரு. தமிழ்நாட்டுல நமக்குக் குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல்தான். பெருமாள் மகன் முருகன், பி.முருகன். சர்வே கணக்குல "இன்னார் மகன் இன்னார்"னு எழுதினாங்க, அது நம்ம வழக்கத்துக்குப் பொருந்தும். பான் கார்டு படிவம் "கடைசிப் பேர் என்ன?"ன்னு கேட்குது, இனிஷியலை ஏத்துக்காது. அதனால முருகன் பெருமாள் ஆயிடுறார். ஆதார்ல பி.முருகன். பேங்க்ல முருகன் பி. மூணும் ஒரே ஆள்னு மனுஷனுக்குத் தெரியும், மெஷினுக்குத் தெரியாது. பான்-ஆதார் இணைப்பு நிக்கும், பேங்க் அக்கவுன்ட் சரிபார்ப்பு நிக்கும், அதனால வர வேண்டிய ரீஃபண்ட் நிக்கும். மன்றோ கூடாரத்துல இதே ஆள் போய் நின்னிருந்தா, "ஆமா, இவன்தான் பெருமாள் மகன்"னு ஊர்ல நாலு பேர் சொல்லியிருப்பாங்க, முடிஞ்சிருக்கும்.

இன்னைக்கு அந்தக் கூடாரம் எங்கே? நீங்க எந்த ஊர்ல இருந்து ரிட்டர்ன் போட்டாலும் அதைப் பிராசஸ் பண்றது பெங்களூருல இருக்கிற சிபிசி. திப்புகிட்ட இருந்து பிடுங்கின ஊரோட வரிக் கணக்கு திரும்ப மைசூர்ச் சீமைக்கே போகுது பாருங்க! 2020 ஆகஸ்ட்டில் முகமறியா மதிப்பீடு வந்தது. கணக்கை ஆராயுற அதிகாரி யாருன்னு உங்களுக்குத் தெரியாது, நீங்க யாருன்னு பார்த்து அவர் பேரம் பேசவும் முடியாது. லஞ்சத்தை ஒழிக்க இது நல்ல வழின்னு நானும் நினைக்கிறேன். ஆனா பெண்சாதி செத்துப்போனதைச் சொல்ல ஒரு இடம் வேணும். படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லை. குறைகளைக் கேட்க வருமான வரி ஆம்பட்ஸ்மன்னு ஒரு அமைப்பு இருந்தது. புகார்கள் ரொம்பக் குறைஞ்சு போச்சுன்னு சொல்லி 2019-ல் அதை மூடிட்டாங்க. ஆன்லைன்ல புகார் போடுற வசதி இருக்குங்கிறது அவங்க பதில்.

அந்த இடைவெளியிலதான் புது கர்ணம் வந்து உட்கார்றார். நல்லவங்க நிறைய பேர் இருக்காங்க. ஒழுங்கான ஆடிட்டர்கள், 2006-ல் அரசாங்கமே பயிற்சி கொடுத்து உருவாக்கின ரிட்டர்ன் தயாரிப்பாளர்கள், தாலுக்கா ஆபீஸ் எதிர்ல பிரவுசிங் சென்டர் வச்சிருக்கிற பொறுமையான மனுஷங்க. இன்னொரு ரகமும் இருக்கு. என் சித்தப்பா பையன் ஒருத்தன் ஓசூர்ல ஃபேக்டரி வேலை. கூட வேலை பார்க்கிறவங்க சொன்னாங்கன்னு ஒரு ஆள்கிட்ட ஃபார்ம் 16-ஐக் கொடுத்தான். "பிடிச்ச வரி மொத்தமும் திரும்ப வாங்கித் தர்றேன், வர்றதுல எனக்கு ஒரு பங்கு." வந்தது. டிப்பார்ட்மென்ட்டே தப்பாப் பிடிச்சிருந்ததுன்னு இவன் நினைச்சுக்கிட்டான். ஒன்றரை வருஷம் கழிச்சு சம்பள அக்கவுன்ட்டைப் பார்க்கப் போனப்பதான் விஷயம் வெளிய வந்தது. இவன் ஒரு அரசியல் கட்சிக்கு நன்கொடை கொடுத்ததா ரிட்டர்ன்ல இருக்கு. சொந்த வீட்டுல இருக்கிறவன் வாடகை கட்டினதா இருக்கு. ஆதாரம் காட்டச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கு. எங்கே வந்ததுன்னா, அந்த ஆள் உருவாக்கி வச்சிருந்த ஈமெயிலுக்கு. பாஸ்வேர்டுகூட இவன்கிட்ட இல்லை. கடைசியில அந்தப் பணத்தை வட்டியோட திருப்பிக் கட்டினான். அந்த ஆளோட ஃபோன் அப்பவே சுவிட்ச் ஆஃப்.

இது அவன் ஒருத்தன் கதை இல்லை. 2025 ஜூலை 14-ல் வருமான வரித் துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை போட்டது, தமிழ்நாடும் அதில் உண்டு. பொய்க் கழிவு காட்டி ரீஃபண்ட் வாங்கித் தரும் ஆட்களைக் குறிவைத்து. தற்காலிக ஈமெயில் உருவாக்கி மொத்தமாக ரிட்டர்ன் போட்டுவிட்டு, அப்புறம் அந்த ஈமெயிலைக் கைவிட்டுவிடுகிறார்கள், அதனால் நோட்டீஸ் யார் கண்ணிலும் படுவதில்லை என்று துறையே அறிக்கையில் சொன்னது. அதற்கு முந்தைய நாலு மாதத்தில் மட்டும் ஏறக்குறைய 40,000 பேர் தங்கள் ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றிருந்தார்கள்.

பொய்க் கணக்கு எழுதின கர்ணம் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும், பட்டா குடியானவர் பேரில் இருந்தது. பாக்கியும் அவர் பேரில்தான். ரயத்துவாரியோட அடிப்படையே அதுதானே, ஒரு ஆள், ஒரு கணக்கு. ரிட்டர்னைக் கடைசியில ஓடிபி போட்டு உறுதி செய்றது நீங்க. முப்பது நாளைக்குள்ள அதைச் செய்யலைன்னா ரிட்டர்னே செல்லாது. அந்த ஓடிபியைத்தான் ஃபோன்ல "சொல்லுங்க தம்பி"ன்னு கேட்டு வாங்கிக்கிறாங்க.

உதவி கேட்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், நானே கேட்கிறவன்தான். ஆனா கொடுக்கிறதுக்கு முன்னாடி போர்ட்டல்ல உங்க ஈமெயிலும் உங்க மொபைல் நம்பரும்தான் இருக்கான்னு பாருங்க. ஏஐஎஸ்னு ஒரு அறிக்கை இருக்கும், உங்க வருமானம், பிடிச்ச டிடிஎஸ், எஃப்டி வட்டி எல்லாம் துறைக்கு எப்படித் தெரிஞ்சிருக்குன்னு காட்டும். உங்க அடங்கல் அதுதான். அப்பா தலைமுறை வி.ஏ.ஓ.கிட்ட அடங்கல் வாங்கிப் பார்க்காம ஒரு காரியமும் பண்ண மாட்டாங்க, நீங்களும் அதைப் பத்து நிமிஷம் படிச்சிட்டு ஃபார்ம் 16-ஓட ஒத்துப் பாருங்க. வருஷ நடுவுல வேலை மாறினவங்க ரெண்டு ஃபார்ம் 16-உம் எடுத்து வைங்க, ரெண்டு கம்பெனியும் வரிவிலக்கு வரம்பைத் தனித்தனியாக் கழிச்சிருப்பாங்க, அதுலதான் கடைசி நேரத்துல வரி பாக்கி வந்து நிக்கும். ரிட்டர்ன் போட்டதும் அந்த பிடிஎஃப்-ஐ வாங்கி, எந்தெந்தக் கழிவு போட்டிருக்காங்கன்னு வரி வரியாக் கேளுங்க. சரியான ஆளா இருந்தா கோபப்பட மாட்டார்.

அடுத்த எபிசோட்ல மிட்டாதார்களோட கதை, சேலம் பக்கம் போறோம். பேர் குழப்பத்தால ரீஃபண்ட் நின்னு போனவங்க இருந்தா எழுதுங்க, எப்படித் தீர்ந்ததுங்கிறதையும் சேர்த்து எழுதுங்க.